மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தவன்

காவிரி பாயும் நிலமெங்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், வாங்கிய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க ஆசிரியர் அறைக்குப் படியேறிய மாணவன் ஒருவனே தேறுவான். தஞ்சையில் எங்களோடு இளங்கலைப் பொருளாதாரம் படித்த அவனை ‘மைனஸ்’ என்றழைத்தோம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

முதலாண்டிலேயே தொடங்கிவிட்டான்.

“சார், இந்தத் தேவைக் கோட்டுக்கு மூணு மார்க் போட்டிருக்கீங்க. எடுத்துடுங்க. அது ஏன் கீழே சாயுதுன்னே எனக்குத் தெரியாது. மனப்பாடம்.”

பேராசிரியர் திகைத்தார். பிறகு விழித்துக்கொண்டார். வகுப்பையே எழுப்பி ஒவ்வொருவராகக் கேட்டார். பாதிப் பேரின் மதிப்பெண் அன்றே சரிந்தது. என்னுடையது சரியவில்லை; பேச்சுப் போட்டிகளில் தெரியாத பொருளிலும் பத்து நிமிடம் முழங்கிய பயிற்சி எனக்கு உண்டு. அதன் பின்னர், தேர்வுத்தாள் திருப்பித் தரப்படும் நாளில் மைனஸைப் பிடித்துவைக்கவே இருவரை நியமித்திருந்தோம்.

மூன்றாமாண்டு அறுவடைக்காலம். பூதலூர்ப் பக்கத்தில் அவன் ஊர்; கூலி உயரும்வரை வயலில் இறங்குவதில்லை என்று அவன் பெற்றோரும் தெருவும் வரப்பில் அமர்ந்திருந்தனர். மாதிரித் தேர்விலோ, கூலி எவ்வாறு நிர்ணயமாகிறது என்பது கேள்வி. அதற்கு அவன் வாங்கியது பத்துக்கு ஆறு. மொத்தம் சரியாக நாற்பது. நாற்பதுக்குக் கீழே போனால் விடுதியில் இடமில்லை. அவனோ தாளோடு கிளம்பிவிட்டான்.

“டேய் மைனஸ், ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டியத் தூக்கிட்டு ரயிலேறணும்டா!” என்று மறித்தேன்.

“தெரியும்டா. ஆள் குறைஞ்சா கூலி தானா ஏறும்னு எழுதிட்டேன். எங்க ஊர்ல ஒரு ஆளு இறங்கல. ஏறுச்சா? வெளியூர் ஆள போலீஸோட கொண்டாந்து இறக்குறாங்க. தெரிஞ்சே பொய் எழுதிட்டு மார்க் வாங்கவா?”

அவனை முந்திக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் பாய்ந்தேன். மூன்று பேராசிரியர்களும் ஒரு டிபன் கேரியரும் அடங்கிய அந்த அவையில், என் வாழ்நாளின் தலைசிறந்த உரையை ஆற்றினேன். உண்மைக்குத் தண்டனையா என்றேன். நேர்மைக்கு நாடுகடத்தலா என்றேன்.

“தம்பி, நீங்க உட்காருங்க. அவன் பேசட்டும்” என்றார் தாள் திருத்திய பேராசிரியர்.

மைனஸ் பேசினான். அடுக்குமொழியில்லை. விளைந்த கதிர் எத்தனை நாள் உதிராமல் நிற்கும், வேலைக்குப் போகாத வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரியும், இரண்டில் எது முதலில் தீருமோ அந்தப் பக்கம்தான் இறங்கி வரும் என்றான். டிபன் கேரியர் ஆறிப்போனது.

பேராசிரியர் சிவப்பு மையால் ஆறை அடித்தார்; ஒன்பது போட்டார்.

மைனஸ் தாளை உற்றுப் பார்த்தான்.

“சார், ஒன்பது ஜாஸ்தி. எந்தப் பக்கம் இறங்கும்னு இன்னும் தெரியலையே. எட்டு போதும்.”

“வெளியே போடா!”

எட்டே போட்டார். விடுதிக்கு வந்தவன், கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியை மீண்டும் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மேடைகளில் எத்தனையோ கோப்பைகள் வென்றிருக்கிறேன். பேசித் தோற்றுவிட்டு நிம்மதியாக உறங்கியது, பக்கத்துக் கட்டில் காலியாகாத அந்த ஒருநாள்தான்.