தூசி மெஷினுக்குப் பொன்னாடை

மரத்தை அறுத்தால் தூசி வரும். இது இயற்கையின் சட்டம். இதற்குத் தாமான் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் தேவையில்லை. மம்பாவில் தன் தாமான் வீட்டின் கார் நிறுத்தும் இடத்தையே பட்டறையாக்கி வீட்டுச் சாமி மேடைகள் செய்துவந்த புனிதனுக்கு இது தெரியும். அவர் மனைவி குமுதவல்லியின் நெஞ்சுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கிளினிக் டாக்டர் கையை விரித்துவிட்டார். "இருமலுக்கு மருந்து தரலாம், தூசிக்கு மருந்து கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரல்ல போயி உக்காருது. ஒண்ணு அத இழுக்கிற மெஷின் வாங்குங்க, இல்லன்னா மரவேலைய விடுங்க."

புனிதன் அன்றைக்கே அம்பாங்கானில் ஒரு கடையில் மெஷின் பார்த்துவிட்டார். குட்டையானது, அழகில்லாதது, ஆனால் நுண்பொடியைப் பிடிக்கும் நல்ல வடிகட்டி உள்ளது. வாங்கி வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் அதன் படத்தைத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது நல்லதா?" என்று கேட்டுத் தொலைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அரை மணி நேரத்தில் 'தூசி ஒழிப்புச் செயற்குழு' அமைந்துவிட்டது. தலைவர், துணைத்தலைவர், ஆலோசகர்கள் என்று பதினோரு பேர். அவர்களில் ஒருவர் வீட்டிலும் ரம்பம் கிடையாது என்பதால் நடுநிலைக்குப் பங்கம் வர வழியில்லை.

தலைவர் மகேந்திரன் நேரிலேயே வந்தார். "அண்ணே, நீங்க ஏன் வாங்கணும்? சங்கமே வாங்கித் தரும் லா. ஃப்ரீ."

அந்தக் கடைசிச் சொல்லில் புனிதன் தொபுக்கென்று விழுந்தார்.

"ஏங்க, பேசாம அந்தக் கடைக்கே போயிட்டு வந்துருங்களேன்" என்றாள் குமுதவல்லி.

"சும்மா வர்றத வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றார் அவர்.

முதல் கூட்டத்தில் புனிதன் தொண்டையைச் செருமினார். "நிமிஷத்துக்கு எவ்ளோ காத்து இழுக்குதுன்னு பாக்கணும். வடிகட்டி எவ்ளோ நைசுன்னு பாக்கணும்."

"காத்து ஃபோட்டோவுல தெரியுமாண்ணே?" என்று கேட்டார் செயலாளர் விமலா.

"தெரியாதும்மா."

"அப்புறம் ரிப்போட்ல எப்படிப் போடுறது?"

ஃபோட்டோவில் தெரியாததால் காற்று விவாதத்திலிருந்து நீக்கப்பட்டது. வடிகட்டி மெஷினுக்கு உள்ளே இருப்பதால் அதுவும் நீக்கப்பட்டது. பதினோரு பேர் பெயரும், திறந்துவைக்கப் போகும் பிரமுகரான டத்தோவின் படமும் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட எந்த மெஷினில் இடம் உண்டு என்பதே இறுதி அளவுகோல் ஆயிற்று. அதன்படி பீரோ உயரத்தில் ஒன்று ஏகமனதாகத் தேர்வானது.

மெஷின் வந்து இறங்கியதும் புனிதன் பிளக்கைக் கையில் எடுத்தார்.

"ஐயையோ அண்ணே!" மகேந்திரன் பதறிவிட்டார். "டத்தோ வர்றதுக்கு முன்னாடி சுவிட்ச் போட்டா அவருக்கு என்னா மரியாத?"

முதல் மாதம் டத்தோவுக்குத் தேதி இல்லை. இரண்டாம் மாதம் தேதி கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து சி ரூசா கடற்கரையில் அவருடைய குடும்ப தினம். இதற்கிடையில் விழாவுக்குப் பேச்சு மேசை ஒன்று தேவைப்பட்டது. கையில் தச்சரை வைத்துக்கொண்டு வாடகைக்கு எடுப்பார்களா? புனிதன் மூன்று வாரம் அறுத்தார், இழைத்தார், தேய்த்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷின் பக்கத்திலேயே நின்றது. உறைமேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்தது. குமுதவல்லி இப்போதெல்லாம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

"ஏங்க, டத்தோ தேதி குடுக்கிற வரைக்கும் நானும் மூச்ச நிப்பாட்டி வைக்கவா?"

புனிதனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே, என்ன செய்வது?

மூன்றாம் மாதம் புனிதன் பட்டறையில் விழா நடந்தே விட்டது. டத்தோவுக்குப் பொன்னாடை, பதினோரு பேருக்கும் பொன்னாடை, புனிதனுக்கும் ஒன்று. கடைசியில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சிய பொன்னாடையைத் திரும்ப எடுத்துப் போவது நம்மவர்க்கு வழக்கமில்லை; எதற்காவது போர்த்தியே தீர வேண்டும். அங்கே போர்த்தாத தோள் குமுதவல்லியுடையதுதான். அது செயற்குழுவின் கண்ணில் படவில்லை. மகேந்திரன் மிஞ்சியதை மெஷினுக்கே போர்த்தி மாலையும் போட்டார். பலத்த கைதட்டல். மோட்டாருக்குக் காற்றுப் போகும் துளைகள் அத்தனையும் சரிகைக்குள் மறைந்தன.

டத்தோ சுவிட்சைப் போட்டுவிட்டு, 'சுத்தமான காற்று' என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். துளைகள் மூடியிருப்பதைப் புனிதன் பார்த்துவிட்டார். எடுக்கப் போனவரை விமலா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, வீடியோ ஓடுது லா."

பத்தாவது நிமிடம் ஏதோ கருகும் வாசம் வந்தது. இருபதாவது நிமிடம் புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். முப்பதாவது நிமிடம் மெஷின் நின்றுவிட்டது. டத்தோ நிற்கவில்லை.

எல்லாரும் பிரியாணிக்குப் போனபின் குமுதவல்லி மெஷின் பக்கம் வந்தாள். மெஷின்மேல் கிடந்த பொன்னாடையை உருவி உதறி, நாலாக மடித்து, வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டாள்.

"மூணு மாசமா இந்த வீட்டுக்கு வந்த சாமான்ல தூசிய தடுக்கிறது இது ஒண்ணுதான்."

புனிதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செயற்குழுவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று, மறுநாள் கூட்டத்துக்குக் கோபமாகவே போனார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மகேந்திரன் எழுந்தார். "மெஷின் ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கோம். தலைவர் நம்ம புனிதன் அண்ணன்தான்!" தோளில் ஒரு பொன்னாடை வந்து விழுந்தது. புனிதன் அதைச் சரிசெய்துகொண்டார். கேள்வி ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த மீட்டிங் எப்போ?"

வீட்டுக்கு வந்தவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "விசாரணைக் குழுவுக்குத் தொடக்க விழா வைக்கணுமாம். பழைய பேச்சு மேசை கொஞ்சம் சின்னதுன்னு டத்தோ அபிப்பிராயப்படுறாராம்."

பிறகு ரம்பத்தின் பிளக்கைச் சொருகினார். அதை யாரும் திறந்துவைக்க வேண்டியிருக்கவில்லை. குமுதவல்லி பக்கத்தில் வந்து, அவர் தோளில் கிடந்த புதுப் பொன்னாடையை உருவி, முகத்தில் கட்டியிருந்த பழையதன் மேலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.