ஒரு ஸ்தோத்திரத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

ஆங்கில மொழிக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்த ஒரே கொல்லங்கோட்டுக்காரர் ஸ்தோத்திரம் சார்தான். அகராதி போடுகிறவர்கள் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தாய்லாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதை ஆங்கிலம் என்று நம்பிப் பேசினார்கள்; பரீட்சையில்கூட எழுதினார்கள்.

பாலக்காட்டில் ஓர் ஏஜென்சி ஆபீஸில்தான் அவரை முதலில் பார்த்தேன். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் டீச்சர்களை அனுப்பும் ஏஜென்சி. நான் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து கிள்ளித்தான் என்னை பி.எட். வரை கொண்டுவந்தாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, சட்டைப் பையில் ஒரு குட்டித் தேங்காயெண்ணெய் பாட்டில்.

வெளிநாடு போக ஏன் விரும்புகிறீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். நாங்களெல்லாம் அனுபவம், எதிர்காலம் என்று எதையோ சொல்லி வைத்தோம். இவர் மட்டும், கர்த்தர் ஒரு வழி காட்டவேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடி ஜெபித்ததாகவும், கண்ணைத் திறந்தால் எதிரே இந்த ஏஜென்சியின் போஸ்டர் இருந்ததாகவும் சொன்னார். பக்கத்திலேயே மூல வைத்தியர் ஒருவரின் போஸ்டரும் இருந்ததாம். அது தமக்கான அழைப்பு அல்ல என்று உடனே புரிந்துவிட்டதாம்.

தாய்லாந்தில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், தங்குவதற்கு ஒரே அறை. முதல் வாரத்திலேயே அவருடைய பெயர் எனக்கு மறந்துபோய், ஸ்தோத்திரம் சார் ஆகிவிட்டார். பஸ் கிடைத்தால் ஸ்தோத்திரம். பஸ் போய்விட்டால் நடக்கக் கால் இருப்பதற்காக ஸ்தோத்திரம். ஒரு நாள் மழையில் வழுக்கி, பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் பார்க்க விழுந்தார். முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டே அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் போட்டார்.

சாப்பாட்டு ஜெபம்தான் தாங்கமுடியாது. அரிசிம்பருப்புச் சாதத்தை ஆவி பறக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். நெல் விதைத்தவர், அறுத்தவர், லாரி ஓட்டியவர், கடையில் எடைபோட்டவர் என்று வரிசையாகக் கர்த்தரிடம் ஒப்படைத்து முடிப்பதற்குள் சாதம் கட்டியாகிவிடும். ஒரு முறை, கேஸ் சிலிண்டர் போடுகிறவரின் குடும்பம் அந்த வரிசையில் வரும் முன்பே நான் ஆமென் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே என் பசியையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஆசிரியர் அறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. பேப்பரை விழுங்கிக்கொண்டு கக்கவே கக்காது. மெக்கானிக் இரண்டு முறை வந்து கைவிட்டுப் போன பிறகு, இவர் அதன்மேல் கையை வைத்து ஜெபித்து, மூடியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினார். மறுநாள் அது ஓடியது. அதற்குப் பிறகு புத்த மதத்து ஆசிரியைகள்கூட, புரொஜெக்டர் மக்கர் செய்தால் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

எனக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. எஸ்டேட் ஞாயிறுபள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன்தான் நானும். ஆனால் அங்கே நான் டை கட்டிய நவீன ஆசிரியன். அம்மா கொடுத்துவிட்ட பைபிளைப் பெட்டியின் அடியிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடி நடத்தும் ஆராதனைக்கு அவரோடு போவேன். முடிந்ததும் அங்கே நல்ல சாப்பாடு உண்டு.

அவர் ஆங்கிலம் கற்பித்ததே ஒரு தினுசு. கொங்குத் தமிழில் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. ஆங்கிலத்தில் அதற்கு என்ன செய்வது? எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு ‘ப்ளீஸ்’ போட்டுவிட்டார். பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். “மை ஃபாதர் இஸ் போலீஸ், ப்ளீஸ்.” “திஸ் இஸ் எலிஃபன்ட், ப்ளீஸ்.” சரியான பதில் சொன்ன பிள்ளைக்கு அவர் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்வார். அந்தப் பிள்ளைகளுக்கு அது ‘சத்தோத்தி’ ஆயிற்று. சபாஷ், நன்றி, சந்தோஷம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆங்கிலச் சொல் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். என் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அவர் வகுப்பில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் எனக்கு உறுத்தியது.

இரண்டாம் வருடம் எனக்கு டெங்கு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். அத்தனை நாளும் என் வகுப்புகளையும் அவரே எடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. மாற்று ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து கஞ்சி ஊற்றிக் கொடுப்பார். அம்மா போனில் அழும்போது, “ஏல, அந்த சார்கிட்டக் குடுல. ஒன் பேச்ச நான் நம்ப மாட்டேன்” என்பாள். அவர் பேசினால்தான் அடங்குவாள்.

அந்த வருடக் கடைசியில் தலைநகரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் நாலு கேள்வி கேட்டு, நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டினார். அவள் கைகூப்பி, “சத்தோத்தி, ப்ளீஸ்” என்றாள். அது என்ன என்று கேட்டார். இங்கிலீஷ் என்று வகுப்பே சேர்ந்து சொன்னது.

கொஞ்ச நேரத்தில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பள்ளியின் உரிமையாளரான அம்மையாரும் ஆய்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்தோத்திரம் சார் ஓரமாகச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். வகுப்பில் மதம் பேசக்கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அம்மையார் என்னிடம் கேட்டார். சாருடைய மொழி தெரிந்த ஆள் அங்கே நான் ஒருவன்தான்.

அவர் சேற்றில் விழுந்தாலும் அதைத்தான் சொல்வார், அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, ஒரு பிள்ளையிடமும் அவர் பிரசங்கம் செய்ததில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அத்தனையும் உண்மை. ஆனால் ஆங்கிலத் துறைப் பொறுப்பாளர் வேலைக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. “அது ஜெப வார்த்தை, சர்ச்சில் சொல்வது” என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான். நீயும் இவரோடு அந்தச் சர்ச்சுக்குப் போவாயா என்று அம்மையார் கேட்டார். இல்லை, எனக்கு அதில் எல்லாம் ஈடுபாடு இல்லை என்றேன்.

அப்போதுதான் ஸ்தோத்திரம் சாரின் சிரிப்பு நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார். சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்த பேதுருவின் கதையை நான் ஞாயிறுபள்ளியில் நடித்தே காட்டியிருக்கிறேன். அன்று ஒரு சேவலும் கூவவில்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் அவர் எனக்குச் சேர்த்துத்தான் சமைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. மீட்டிங் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் இரண்டு வேன் நிறையப் போயிருந்தார்கள்.

எனக்குப் பதவி கிடைத்தது. அதில் முதல் வேலை, பிள்ளைகள் வாயிலிருந்து அந்தச் சொல்லையும் ‘ப்ளீஸை’யும் எடுப்பது. ஒவ்வொரு வகுப்பாகப் போய், அது ஆங்கிலம் இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் அது என்ன மொழி என்று ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டாள். என் மொழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம்தான், டெங்கு சமயத்தில் என் வகுப்புகளை எடுத்தது யார் என்று பழைய டைம்டேபிளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பினேன். இப்போது மூணாறில் ஹோட்டல் பையன்களுக்கும் ஜீப் டிரைவர்களுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறேன். அவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைப்பேன், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவேன். போன வருடம் அம்மா இறந்தபோது, அவளுடைய போனில் யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று பார்த்தேன். ‘ஜெபம் பண்ற சார்’ என்று ஒரு நம்பர். அவள் கடைசிவரை அவரோடு பேசியிருக்கிறாள். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நம்பருக்கும் ஒரு வரிச் செய்தி அனுப்பினேன்.

அடுத்த மாதமே கொல்லங்கோட்டுக்குப் போனேன். மாந்தோப்புக்கு நடுவே சின்ன வீடு. அவர் மனைவி எட்டிப் பார்த்து, “ஏனுங்க, யாரு வேணுங்க?” என்றார். பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார். தாய்லாந்து வெயில் ஒத்துக்கொள்ளாமல்தான் அவர் திரும்பி வந்தார் என்றே அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியும். பாலக்காட்டு வெயிலில் பிறந்தவர் சொன்ன காரணம் அது.

அவர் தோப்பிலிருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். மனைவி காபி போடப் போனதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாம் மறந்து, “அண்ணே, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

பரவாயில்லை, கர்த்தரின் சித்தம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

“வலிச்சுதுங்க தம்பி” என்றார். “வேலை போனதுக்கில்லீங்க. என்னோட சர்ச்சுக்கு வந்ததையே இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதானுங்க. ரெண்டு வருசம் உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ண எனக்கு நாக்கு வரல. எல்லாத்துக்கும் பண்ணுவேன், உங்க பேரு வந்தா நின்னுபோயிரும். உங்க அம்மா போன் பண்ணி, எம் மவனுக்கு ஜெபம் பண்ணுங்க சார்னு கேப்பாங்க. செரிங்கம்மான்னு பொய் சொல்லுவேன். மூணாம் வருசந்தானுங்க முடிஞ்சுது.”

எல்லாவற்றுக்கும் நன்றி சொன்ன மனிதருக்கு என் பெயர் மட்டும் தொண்டையில் நின்றிருக்கிறது. அவருக்கும் கோபம் வரும், அவரும் வலியைத் தனியாகத் தின்றிருப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வேடிக்கை மனிதர் என்று நினைத்தே அவரோடு இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

காபி வந்தது. இருவரும் குடித்தோம். மறுநாள் வகுப்பு இருந்ததால் அன்றே கிளம்பினேன். பொள்ளாச்சி பஸ் வரும்வரை கூடவே நின்றார். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலைப்பாதை என்பதால் வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடச் சொன்னார்.

போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போடுகிறேன். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் எடுக்கத் தாமதமானால்தான் எனக்கு எதுவும் ஓடாது.