எலி வாத்தியாரும் என் வெள்ளை வேட்டியும்

எலி வாத்தியாரைப் போல வழி தவறத் தெரிந்தவர் சிங்கப்பூரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். தேக்காவில் அவர் வேலை பார்த்த ரேடியோ ரிப்பேர் கடைக்கு எதிர் மாடியில்தான் அவரும் நானும் தங்கியிருந்த வாடகை அறை. அந்தச் சாலையைக் கடக்கவே இரண்டு பேரிடம் விசாரிப்பார்.

அறைக்கு ஓர் எலி வரும். மேசைக்காலருகே இருக்கும் ரொட்டி டின்னைச் சுரண்டும். ஒருநாள் வாத்தியார் டின்னை விட்டுவிட்டு மேசையை மட்டும் நகர்த்தினார். எலி நேரே மேசைக்காலுக்குப் போய்த் திருதிருவென விழித்தது.

"பாத்தியா தம்பி! அது வழியை மனப்பாடம் பண்ணலே. இடத்துக்கு அடையாளம் வச்சிருக்கு!"

"அதுகிட்ட நீங்க டியூஷன் போங்க வாத்தியாரே."

போனார். ஆறே மாதத்தில் பிஸ்கட் டின்னில் மூன்று சக்கரமும், வெளிச்சம் அறியும் இரண்டு கண்களும் வைத்து ஓர் எலி செய்துவிட்டார். எங்கே விட்டாலும் சுற்றிப் பார்த்து ஒரே மூலைக்கு வந்து நிற்கும். இடப்பக்கம் கறுப்பு அலமாரி, வலப்பக்கம் கொடியில் என் வெள்ளை வேட்டி. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அதுதான் அதற்கு வீடு. மூன்று வாரம் நான் கால்சட்டையில் கோயிலுக்குப் போனேன்.

அப்போது ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வேலை காலியானது. வாத்தியாரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. இந்த எலியைத்தான் நம்பியிருந்தார். அவரையும் எலியையும் வேட்டியையும் நானே பஸ் ஏற்றிக் கொண்டுபோனேன். அங்கிருந்த கறுப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வேட்டியைக் கட்டினோம். எலியை விட்டோம். அது கரும்பலகைப் பக்கம் போனது. பலகைக்கு வலப்பக்கம் ஒட்டி, வெள்ளை டிரில் சூட்டில், சோதனைக்கூடத் தலைவரான யாழ்ப்பாணத்துக்காரர் நின்றிருந்தார்.

"இதென்ன ஐசே, என்ர காலடியில வந்து நிக்குது?"

"உங்களை வீடுன்னு நினைச்சிருச்சு சார்" என்றார் வாத்தியார்.

"அப்ப உம்மட மெசின் பிழை விட்டிட்டுது."

வாத்தியார் அசரவில்லை. "தப்புதான் சார். ஆனா நெச எலியும் இதே தப்பைத்தான் பண்ணும்."

தலைவர் யோசித்தார். பலகையை விட்டு நாலடி தள்ளி நின்றார். எலி தயங்கியது, திரும்பியது, தடுமாறி வேட்டியிடம் போய் நின்றது. அவர் சிரித்துவிட்டார்.

"திங்கக்கிழமை வாரும். வழி தெரியுமோ?"

வாத்தியார் என்னைப் பார்த்தார்.

வேலை கிடைத்து, இப்போது அவர் காத்தோங் பகுதியில் தனியே குடியிருக்கிறார். ஞாயிறு மதியம் எங்கள் அறையில்தான் சாப்பாடு. முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு வந்தார். சோறு ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பன்னிரண்டு அடித்தால் ஆள் வாசலில் நிற்கிறார்.

"வாரா வாரம் கரெக்டா துவைக்கிறியே லா!" என்று கீழ்வீட்டு டெய்லர் மெச்சிக்கொள்கிறார். எங்கள் கறுப்பு ஜன்னல் கதவுக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் நான் தொங்கவிடுவது, நனையாத வேட்டி.