சாவியின் கட்டைவிரல்

எந்த மகாராஜாவும் ஒரு தெருவையே குளிக்கச் சொல்லி, பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் சாவி சொல்லியிருக்கிறார். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் எங்கள் குடியிருப்பு. இரண்டே தெரு. எல்லோரும் சேர்ந்து போட்ட ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் திறந்துவிட ஓர் ஆள். அந்த ஆள்தான் சாவி. அவர் கையில் இருப்பதற்கும் சாவி என்றுதான் பெயர்: நாலடி நீள இரும்புக் கம்பி, அதன் தலையில் குறுக்கே ஒரு பிடி. அதைத் தெருவிலுள்ள வால்வு குழிக்குள் விட்டு ஒரு திருகு திருகினால் குழாயில் தண்ணீர் வரும், மறுபடி திருகினால் நின்றுவிடும். அந்தக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் சைக்கிளில் வருவதைப் பார்த்தால் மாமியார் மருமகள் சண்டைகூடப் பாதியில் நின்றுவிடும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். தெருவுக்கு ஒரு மணி நேரம். ஒரு தடவை முதல் தெரு முந்தி என்றால் மறு தடவை எங்கள் இரண்டாம் தெரு முந்தி. இது குடியிருப்போர் சங்கத்தின் சட்டம். ஆனால் எங்கள் தெருவுக்கு மட்டும் எப்போதும் ஒன்றேகால் மணி நேரம் வந்துகொண்டிருந்தது. அடக்கத்தோடு சொல்கிறேன், அதற்குக் காரணம் நான்.

எங்கள் தெருவின் வால்வு குழி என் வீட்டு வாசலில் இருக்கிறது. சாவி திறந்துவிட்டு, நான் எடுத்துப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். நான் கதை சொல்லுவேன். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? மணி ஆகி அவர் கம்பியை எடுக்கும்போது, "அப்பத்தான்யா அந்த ஆளு மெதுவாக் கதவத் தொறந்தான்" என்பேன். சாவி மறுபடி உட்கார்ந்து, "தொறந்து?" என்பார். அந்த ஒரு "தொறந்து"வில் எங்கள் தெருவுக்கு வீட்டுக்குப் பத்துக் குடம் கூடுதல். சிரிப்பு வந்தால் கம்பியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். தண்ணீர் வரும் நாளில் தெருப் பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக நகர்வார்கள். என் மனைவியே அன்றைக்கு மட்டும் டீயில் சர்க்கரை தாராளமாகப் போடுவாள்.

இந்தச் சீரும் சிறப்பும் ஒரு நாளில் போனது. திருச்சுழியில் இருக்கும் அவருடைய மருமகன் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துவிட்டார். "சும்மா பேசிக்கிறதுக்குத்தான் மாமா" என்றாராம். கோயில் காளையை அவிழ்த்துவிட்ட கதைதான். ஒரே மாதத்தில் சாவி நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். தலை எப்போதும் கீழேயே இருந்ததால் ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்.

"யாரு, கருப்புப் பட்டையா? வாங்க அண்ணாச்சி."

விருதுநகர் போகும் வழியிலுள்ள பாலவனத்தத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பஸ் ஏறியவர், போனைப் பார்த்துக்கொண்டே விருதுநகரில் போய் இறங்கினார். அங்கிருந்து திரும்பி வரும்போதும் பார்த்துக்கொண்டே வந்து அருப்புக்கோட்டையில் இறங்கினார். அந்தக் கல்யாணத்தை இரண்டு தடவை தாண்டிப் போன ஒரே விருந்தாளி அவர்தான். தாலி கட்டியதை வீட்டுக்கு வந்து ஸ்டேட்டஸில் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி என் மனைவியிடம் வந்து, "இட்லி தீந்தது தெரியாம வெறுந்தட்டப் பெசஞ்சுக்கிட்டு இருக்காருக்கா, பேச்சுக்கொடுத்தா 'ம்'ங்கிறாரு, எதுக்கு 'ம்'னு கேட்டா அதுக்கும் 'ம்'ங்கிறாரு" என்று அழுதது. கண் சிவந்து, கழுத்து இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில் கொட்டாவி விட்டுக்கொண்டு திரிந்தார்.

இதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, முப்பது வருஷமாகக் கதை சொல்கிற என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதே என்கிற வயிற்றெரிச்சல். ஒரு நாள் போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு என் சரக்கிலேயே சிறந்த கதையை எடுத்துவிட்டேன். முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய வலது கட்டைவிரல் தொடைமேல் மெதுவாக மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மனுஷன் என்னைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

போதாக்குறைக்கு முதல் தெருவில் ஜீனத் இருந்தது. அதன் கணவர் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். அங்கே சுற்றுகிற வேடிக்கை வீடியோ எல்லாம் ஜீனத் போன் வழியாகத்தான் எங்கள் குடியிருப்புக்குள் நுழையும். அந்தப் பெண்ணுக்குக் கெட்டிக்கார மூளை. முதல் தெருவுக்குத் தண்ணீர் முடியப்போகிற நேரம் பார்த்து, "சாவிண்ணே, இதப் பாருங்க, வயிறு புண்ணாயிரும்" என்று ஒன்றை அனுப்பும். சாவி குழிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் முறை முந்தி வரும் நாளிலோ, சரியாக ஒரு மணி ஆனதும் ஜீனத்திடமிருந்து போன் வரும். "அண்ணே, மணியாச்சு, இங்கிட்டு வாங்க." முதல் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்களுக்குத் தொட்டியின் அடித்தண்ணீர் முக்கால் மணி நேரம். டீயில் சர்க்கரை குறைந்தது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று நானும் ஒரு போன் வாங்கினேன். அரிசி டின்னில் அதைச் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து, கதை சொல்லிப் படம் பிடித்து ஏற்றினேன். முதல் வீடியோவை நான்கு பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் நான். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. எழுத வேண்டியதை எழுதவில்லை. மனைவி எதையாவது கேட்டால் வள்ளென்று விழுந்தேன். ஒரு நாய் வாலைத் துரத்திச் சுற்றும் வீடியோவை ஊரே பார்த்திருந்தது. அந்த நாயின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"ஏங்க, ஊருல ஒரு சாவியாலயே தண்ணி வரமாட்டேங்குது. வீட்டுக்குள்ளயும் ஒரு சாவியா?" என்றாள் மனைவி.

எங்கள் தெரு மாரியம்மாள் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு வந்தது. முந்தின நாள் காலை தண்ணீர் முறை. முதல் தெரு முந்தி. "ஒங்க தெருவுக்கு ஒரு மணி நேரம் முழுசா விடுறேன்க்கா, கவலைப்படாதீக" என்று சாவி வாக்குக் கொடுத்திருந்தார். அண்டா, குடம், டிரம் எல்லாம் வரிசையில் வைத்துக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. இரண்டும் தாண்டியது, எங்கள் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. எல்லோரும் முதல் தெருவுக்கு ஓடினோம்.

அங்கே சாக்கடை நிறைந்து தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜீனத்தே பதறிப்போய் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. "அண்ணே, போதும்ணே! மூடுங்கண்ணே! எங்க தொட்டியெல்லாம் ரொம்பி வழியுது!" சாவிக்குக் காதில் விழவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்த நாய் என்று தெரிந்துகொள்ள அவர் தோள்வழியே எட்டிப் பார்த்தேன்.

போனில் நான் இருந்தேன். பின்னால் அரிசி மூட்டை தெரிந்தது. அன்று காலை ஏற்றிய வீடியோ. என் சித்தப்பா சந்தைக்கு மாடு வாங்கப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்த கதை, நாற்பது நிமிஷம். என் ஆயுசில் அத்தனை சந்தோஷமும் அத்தனை திகிலும் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

"மேத்தொட்டியும் தீந்துபோச்சு. நாளைக்கு அறுவது பேரு வாராக" என்றாள் மாரியம்மாள். சத்தம்கூடப் போடவில்லை. "நான் என்னத்த வச்சுச் சமைப்பேன்?"

சாவியின் முகம் செத்துப்போனது. ஜீனத்தான் இறங்கி வந்து மாரியம்மாள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கியது. "எங்க தொட்டித் தண்ணி யாருக்குக்கா? வாங்க, மோந்து ஊத்துவோம்." முதல் தெருவே குடம் சுமந்தது. வளைகாப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "இனிமே ஆளே வேணாம். போன்லயே தொறந்து மூடுற மோட்டார் வந்திருக்கு, மாட்டிருவோம்" என்றார். அந்த வேலையை விட்டால் சாவிக்கு வேறு பிழைப்பு இல்லை. அவர் தலை குனிந்து நின்றார். இந்தத் தடவை கையில் போன் இல்லை.

"அப்படி என்னத்தய்யா பாத்த?" என்றார் செயலாளர்.

சாவி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார், "கிரிக்கெட்டு சார்."

கூட்டத்தில் இரண்டு பேர், "சரி, கிரிக்கெட்டுன்னா அப்படித்தான்" என்று தலையாட்டினார்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நன்றியில் நான் உருகியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் காலைச் சுற்றி ஓட, தெருவே கூப்பாடு போட, ஒரு மனிதனை அசையாமல் நிற்க வைத்திருக்கிறது என் கதை. அந்தப் பெருமை கிரிக்கெட்டுக்குப் போவதா? எழுந்துவிட்டேன்.

"கிரிக்கெட்டு இல்ல. என் கதை! நாப்பது நிமிசம் கண்ணெடுக்காமப் பாத்திருக்காரு!"

பின்வரிசையில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டது கேட்டது.

"இதச் சொல்றதுக்கா எந்திரிச்சீக?" என்றார் செயலாளர். யாரோ சிரித்தார்கள். அப்புறம் மாரியம்மாள் சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். ஜீனத்தும் எழுந்து, "வீடியோ அனுப்பி ஆளக் கெடுத்தது நானுந்தான் சார், அவரு மேல மட்டும் பழியப் போடாதீக" என்றது. கடைசியில் தீர்ப்பு வந்தது. சாவி வேலையில் இருக்கலாம். தண்ணீர் விடும் நேரம் போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஏற்றிய வீடியோவெல்லாம் இறக்கிவிட வேண்டும்.

கூட்டம் கலைந்து வரும்போது சாவி சைக்கிளை உருட்டிக்கொண்டு என் கூடவே நடந்தார்.

"ஏன்யா பொய் சொன்ன?" என்றேன்.

"அத விடுங்க அண்ணாச்சி. பொண்ணு பாத்தாச்சு, சரி. மாடு என்னாச்சு? அதுக்குள்ள ஆளுக்காளு கத்திட்டாக."

நடுத்தெருவில் நின்றே மிச்சத்தைச் சொன்னேன்.

முதல் சில வாரம் பெரும்பாடு. அவருடைய போன் என் அலமாரிக்குள் கிடந்து உறுமும். நாற்காலிக் கையில் கட்டைவிரல் தானாக நகரும். "ஒரே ஒரு தடவ அண்ணாச்சி" என்பார். "தரமாட்டேன் போ" என்பேன். பக்கத்தில் என் போனும் கிடந்தது, எனக்கும் கை அரிக்கத்தான் செய்தது. மெல்ல மெல்லச் சாவியின் தலை நிமிர்ந்தது. ஒரு நாள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணாச்சி, நீங்க எப்ப இம்புட்டு நரைச்சீக?" என்றார். நரைத்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

போன வருஷம் மகள் கூப்பிட்டதால் சாவி திருச்சுழிக்கே போய்விட்டார். மோட்டார் வந்துவிட்டது. தெருவுக்குச் சரியாக ஒரு மணி நேரம், ஒரு சொட்டுக் கூடுவதில்லை. சாவி எப்போதாவது போன் பண்ணுவார், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். போன வாரம் பேசும்போது பக்கத்து வீட்டில் ஒரு பழைய பஸ் கண்டக்டர் இருப்பதாகச் சொன்னார். "நல்லாக் கதை சொல்றாரு அண்ணாச்சி. போனை எங்க வச்சேன்னே தெரியல, இப்ப மகதான் தேடி எடுத்துக் குடுத்துச்சு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், நிமிர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கட்டும். அந்தக் கண்டக்டர் மட்டும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடக் கூடாது.