சேறு வாத்தியாரும் ஒத்த ஆம்பளையும்

ஒசூருக்கு வேல தேடி வராத ஊருக்காரங்களே இல்லீங்க. மதுரக்காரங்க வந்தாங்க, ஒடிசாக்காரங்க வந்தாங்க, ஒருத்தன் சண்டச்சேவல கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து எறங்கினான். ஆனா சொந்த ஊரு சேத்த பெயிண்டு டப்பாவுல அடச்சி, தூத்துக்குடியில இருந்து ஒசூரு வரைக்கும் மடியிலயே வெச்சிக்கிட்டு வந்த மனுசன் இந்தப் பூமியிலயே ஒருத்தருதான். எங்க சேறு வாத்தியாரு.

மத்திகிரியில எங்களுக்கு லைன் ஊடு இருக்குது. வரிசயா ஒட்டி ஒட்டி ஆறு ஊடு, பொதுவுல ஒரு தண்ணித் தொட்டி. எல்லாம் கம்பெனிப் பசங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆளப் பாத்துதான் ஊடு குடுக்கறது. இதக்கூட நான் சொல்லச் சொல்ல மருமவதான் எழுதறா. நடுவுல நடுவுல சிரிச்சிக்கறா, அதனால முன்ன பின்ன இருந்தாப் பொறுத்துக்கங்க. வாத்தியாரு வந்தப்ப இஸ்திரி போட்ட சட்ட, பளபளன்னு ஷூ. காலேஜில பூச்சி புழுவப் பத்திப் பாடம் எடுக்கறேன்னாரு. இவரு கையில ஊடு கண்ணாடியாட்டம் இருக்கும்னு நெனச்சி சாவியக் குடுத்தேன்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போயிட்டு டப்பாவோட வந்தாரு. மூடியத் தொறந்தா கன்னங்கரேல்னு சேறு. செடி வெக்கப் போறியாப்பான்னு கேட்டேன்.

"இல்ல ஆச்சி. உள்ள ஆளு இருக்கு"ன்னாரு.

அன்னிக்கு நான் அந்தப் பக்கமே போவல.

அப்புறந்தான் வெவரம் சொன்னாரு. அவுங்க ஊருல ஆறு கடல்ல போயி சேர்ற எடத்துல சேறு படிஞ்சி கெடக்குமாம். அந்தச் சேத்துக்குள்ள பொந்து பண்ணிக்கிட்டு அரிசி நொய்யி அளவுக்கு ஒரு உசுரு இருக்குதாம். எறாவுக்கும் நண்டுக்கும் பங்காளி மொற. அதுக்கு இந்த ஒலகத்துல இன்னும் யாரும் பேரு வெக்கலையாம், இவருதான் வெக்கப் போறாராம். ரேசன் கார்டுல பேரு சேக்கவே நாம எத்தினி நட நடக்கறோம், இது யாரு கேட்டுச்சின்னு நெனச்சிக்கிட்டேன்.

சேத்த அரிக்கறதுக்கு டீ வடிகட்டி. எங்க தெருமொன கடையில அந்த வருசம் டீ வடிகட்டி தொங்குன ஆணிதான் மிச்சம். ஞாயித்துக்கெழமயானா தொட்டி ஓரமா லுங்கிய மடிச்சிக் கட்டி உக்காந்து அரிப்பாரு. துணி தொவைக்க வந்த பொம்பளைங்க பக்கெட்டத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போவாங்க. அரிச்சதுல ஒண்ணு ரெண்டு கெடச்சா ஊட்டுக்குள்ள எடுத்துப் போயி, பூதக்கண்ணாடி மிசின்ல கண்ண வெச்சிக்கிட்டு, ஊசியால ஒவ்வொரு காலா பிரிச்சி வெச்சி வரைவாரு. ஒரு காலு வரைய ஒரு வாரம். அதுக்குக் காலு எத்தினின்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதிலுல எனக்குத் தல சுத்திருச்சி.

இது புதுசுன்னு எப்பிடிச் சொல்றன்னு ஒரு நாளு கேட்டேன். இதோட பங்காளிக்குப் பின்னங்காலுல ரெண்டு முள்ளு, இதுக்கு மூணு முள்ளுன்னாரு. நான் சொன்னேன், ஒரு முள்ளு கூடக் கொறைய இருந்தா வேற எனமாப்பா, அப்பிடிப் பாத்தா எம் பெரிய பையனுக்கும் சின்னவனுக்கும் தலமுடி வித்தியாசத்துக்கு வேற வேற கண்டத்துல இல்ல இருக்கணும். வாத்தியாரு சிரிக்கல. பெரியவரோட முடியும் ஒண்ணு எடுத்துப் பாக்கலாம் ஆச்சின்னாரு.

இதெல்லாம்கூடப் பரவால்லங்க. அந்தப் பாட்டிலுதான்.

புடிச்சத ஸ்பிரிட்டுல போட்டு வெக்கணும். கண்ணாடிக் குப்பிய வெல குடுத்து வாங்க மனசு வராது. லைனுல பசங்க குடிச்சிட்டுப் போடற குவாட்டரு பாட்டில எல்லாம் பொறுக்கி, கழுவி, ஜன்னல்ல அடுக்கி வெச்சிருந்தாரு. ஒரு சொட்டு குடிக்காத மனுசன். நாப்பது வயசுக்கு ஒரு எடம் கூடி வந்துச்சு, சூளகிரியில இருந்து பொண்ணூட்டுக்காரங்க மாப்பிள பாக்க வந்தாங்க. ஜன்னலப் பாத்தாங்க. வந்த ஆட்டோ திரும்பறதுக்குள்ள அதுலயே ஏறிட்டாங்க. நான் பின்னாலயே ஓடி, அதெல்லாம் சரக்கு இல்லீங்க உள்ள பூச்சிதான் இருக்குதுன்னேன். ஆட்டோ இன்னும் வேகமாப் போச்சி.

பேரு வெக்கறதுல பெரிய சிக்கல் வேற. அவரு புடிச்சது எல்லாமே பொட்ட. இந்தப் பங்காளிக் கூட்டத்துல பொட்டையெல்லாம் ஒரே சாடையாம், ஒத்த முள்ளு மட்டும் சாட்சிக்குப் போதாதாம், ஆம்பளையோட கையப் பாத்தாதான் எந்த எனம்னு அடிச்சிச் சொல்ல முடியுமாம். ஆம்பளையக் காட்டு, அப்புறம் பேசலாம்னு, இதயெல்லாம் சரி பாத்து ஒத்துக்கற வெளிநாட்டு ஆளுங்க எழுதிட்டாங்க. மூணு மழக்காலம் தேடி, கடேசியா ஒரே ஒரு ஆம்பள கெடச்சிது. அன்னிக்கு லைன் பூரா ஆளுக்கொரு மைசூர்பாக்கு. அடுத்த லீவுக்குப் போயிப் பாத்தா அந்தச் சேத்து மேட்டுல லாரி லாரியா மண்ணக் கொட்டி ரோடு மட்டத்துக்கு ஏத்தி வெச்சிருக்காங்க. வெறும் டப்பாவோட வந்து தொட்டி மேல உக்காந்தாரு. கையில இருக்கற அந்த ஒத்த ஆம்பள போச்சின்னா அப்பிடி ஒரு உசுரு இருந்துச்சின்னு சொல்ல ஆதாரமே கெடயாதுன்னாரு. அன்னிக்குத்தான் நான் ஜன்னல்ல இருந்த அந்தப் பாட்டில மொத மொதலாக் கிட்டப் போயி உத்துப் பாத்தேன்.

அந்த ஆம்பளையப் போட்டோ எடுக்கப் பெங்களூருல சிநேகிதருகிட்ட எடுத்துக்கிட்டுப் போனாரு. எதுல போட்டு எடுத்துப் போனாரு? குவாட்டரு பாட்டில்ல. வரும்போது பார்டருல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. அங்க சரக்கு வெல கம்மின்னு நம்ம ஆளுங்க பையில போட்டு வருவாங்க, போலீசு தேடிப் புடிச்சிக் கீழ ஊத்தும். தெனம் நடக்கறதுதான். ஏட்டு இவரு பைய நோண்டிப் பாட்டில எடுத்தாரு. மோந்து பாத்தா சுத்த ஸ்பிரிட்டு. உள்ள பென்சில்ல எழுதின சீட்டு ஒண்ணு மெதக்குது. பேனா மையில எழுதினா ஸ்பிரிட்டுல கரஞ்சிருமாம், அதுக்காவ பென்சில்ல எழுதி உள்ளயே போடறது இவுங்க தொழில் பழக்கம். ஏட்டுக்கு அது தெரியுமா? ஏதோ கடத்தல்காரன் அடையாளம்னு நெனச்சி மூடியத் தொறந்து பாட்டிலச் சாய்ச்சாரு. வாத்தியாரு பாஞ்சி அவரு கையப் புடிச்சிட்டாரு. போலீசு கையப் புடிச்சா வுடுவாங்களா, பெஞ்சில உக்கார வெச்சிட்டாங்க.

அங்கிருந்துதான் எனக்குப் போனு. "ஆச்சி, என் மைக்ராஸ்கோப்ப எடுத்துட்டு வாங்க. அவன ஊத்திருவாங்க"ன்னாரு. அவன்னு சொன்னாரு பாருங்க, எனக்கு யாரோ ஆளத்தான் புடிச்சி வெச்சிருக்காங்கன்னு பதட்டம்.

அந்த மிசின எம் பொடவையில சுத்தி, பச்சக் கொழந்தயாட்டம் தோள்ல சாச்சிக்கிட்டு ஆட்டோவுல ஏறினேன். டிரைவரு நம்ம சீனப்பா, "ஏனஜ்ஜி இது, கொழந்தைக்கு ஒடம்பு செரியில்லையா"ன்னு கேட்டுட்டு ஆஸ்பத்திரி ரோட்டுல திருப்பிட்டான். அவனத் திட்டி பார்டருக்குத் திருப்பறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சி.

செக்போஸ்ட்டுல ஒரு எஸ்.ஐ. அம்மா இருந்தாங்க. சின்ன வயசு, மொகத்துல சிரிப்பே இல்ல. அம்மா, ஊத்தறதுன்னா ஊத்துங்க, ஊத்தறதுக்கு முன்ன ஒரு தடவ கண்ணுல பாத்துருங்கன்னேன். டீக்கடையில ஒரு வெள்ளச் சாசரு வாங்கி, பாட்டில மெதுவா அதுல சாய்ச்சாரு வாத்தியாரு. ஸ்பிரிட்டு, சீட்டு, கடேசியா நொய்யி மாதிரி ஒண்ணு. அத மிசினுக்கு அடியில வெச்சாரு. எஸ்.ஐ. அம்மா தொப்பியக் கழட்டிட்டுக் குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க நிமிரவே இல்ல.

"என்ன சார் இது, ஒடம்ப வுடக் கை பெரிசா இருக்குது?"

"அவனுக்கு அப்பிடித்தான் மேடம். பொந்து வாசல்ல நின்னு, பொஞ்சாதிகிட்ட எவனும் வராமத் தள்ளிட்டே இருக்கணும்லா."

எஸ்.ஐ. அம்மா சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்புல செக்போஸ்ட்டே எளகிருச்சி. அப்புறம் ஏட்டு பாத்தாரு. பஸ் டிரைவரு பாத்தாரு. சரக்கோட புடிச்சி வெச்சிருந்த ரெண்டு பேரு கெஞ்சிக் கேட்டு அவுங்களும் பாத்தாங்க. அதுல ஒருத்தன், இவன் மட்டுந்தான் சார் இன்னிக்கு ரிலீஸான்னு கேட்டான். ஏட்டு முதலுதவிப் பெட்டியில இருந்து காலி இருமல் மருந்து பாட்டில் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. வாத்தியாரு வாங்கிப் பாத்துட்டு, நல்லாக் கழுவித் தாங்க சார்ங்கறாரு. ஏட்டும் கழுவித் தந்தாரு.

எழுதி அனுப்பினத அந்த வெளிநாட்டு ஆளுங்களும் ஒத்துக்கிட்டாங்க. அவுங்க ஊரு பேரையே வெச்சாரு. உம் பேர வெக்கலையான்னேன். தன் பேரத் தானே வெச்சிக்கிட்டா வெக்கக்கேடு ஆச்சின்னாரு. ஆனா ஒரு சட்டம் இருக்குதாம். பேரு வெச்ச அந்த ஆம்பள ஊட்டுல இருக்கக் கூடாது, பின்னால வர்றவங்க பாக்கற மாதிரி பெரிய மியூசியத்துல ஒப்படச்சிரணும். தபால்ல அனுப்ப மனசு வராம, தானே கல்கத்தா ரயில் ஏறினாரு. பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பற அப்பனாட்டம் பாட்டில ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுப் போனாரு.

அங்கிருந்து போன் பண்ணாரு. குடுத்துட்டேன் ஆச்சி, அலமாரியில வெச்சிப் பூட்டிட்டாங்கன்னாரு. இனிமே ஞாயித்துக்கெழமையில என்ன செய்யன்னு தெரியல ஆச்சின்னு மெதுவாச் சொன்னாரு.

நான் படிச்சவளா? "நீ நேரா ஊட்டுக்கு வாப்பா. வர்ற வழியில எங்கியாச்சும் நல்ல சேறா இருந்தா ஒரு டப்பா எடுத்துக்கிட்டு வா, ரெண்டு பேருமா அரிக்கலாம்"னேன்.