இந்த வருஷம் ஏப்ரன் உனக்குத்தான், மச்சான்

மொன்டானா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் வெண்டலுக்கு, உன் அக்கா மார்லிஸின் புருஷன் ஆர்லோ எழுதிக்கொண்டது. இங்கே நான், அக்கா, நாய் மூவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் ஞாயிறன்று நீ அடுப்பு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்!

மூன்று வருஷமாகச் சனிக்கிழமைத் துப்பாக்கி சுடும் போட்டியில் நீ ஜெயிக்கிறாய், தோற்றவனுக்கான பந்தயப்படி மறுநாள் காலை தீயணைப்பு நிலையத்தில் அந்தச் சுருக்கு வைத்த ரோஸ் நிறச் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான் ஊருக்கே பான்கேக் சுடுகிறேன். நாம் இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி ரிவால்வர்கள், உன்னுடையது மட்டும் எப்படி நேராகச் சுடுகிறது என்று மண்டை காய்ந்தேன். போன மாதம் மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றை என் ரிவால்வரின் குழாய் வாயில் வைத்து, மரக்குச்சியால் தட்டித் தள்ளிப் பார்த்தேன். சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, குழாயைத் துப்பாக்கிச் சட்டத்தில் திருகியிருக்கும் இடம் வந்ததும் கழுதை மாதிரி நின்றுவிட்டது. பிடித்தேன் திருடனை! அங்கேதான் இறுக்கம்!

சுட்டுச் சுட்டே அதைத் தேய்த்துவிடுவது என்று இறங்கினேன். ஈயக் குண்டில் சொரசொரப்பான தேய்ப்புப் பசையைத் தடவி, அது ஈயத்தில் பதிகிற மாதிரி இரும்புமேல் உருட்ட வேண்டும், வீட்டில் தட்டையான இரும்பு எது, உன் அக்கா கிறிஸ்துமஸுக்கு லெஃப்ஸே ரொட்டி சுடும் கல்தானே, எடுத்தேன், உருட்டினேன், அவளும் வந்துவிட்டாள். "அடப்பாவி ஆர்லோ! எங்கம்மா குடுத்த கல்லு அது! ஈயம் தேச்ச கல்லுல இனி எவன் ரொட்டி திம்பான்? நீயே தலைமாட்டுல வச்சுப் படுத்துக்க!" புதுக்கல் வாங்கிக் கொடுத்தும் இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்து, தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்துப் போட வேண்டும், நான் ரொம்பவே குறைத்துவிட்டேன். நாலாவது குண்டு 'புஸ்' என்றது, குறி அட்டையில் ஓட்டை இல்லை, குண்டு குழாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் வெடித்து, இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதியிருப்பேன். பித்தளைக் கம்பியால் அடித்து எடுத்து, மருந்தைச் சரிசெய்து, ஆறு சுடுவது, துடைப்பது, குச்சியால் தள்ளிப் பார்ப்பது என்று முப்பத்தாறு குண்டு! கடைசியில், மச்சான், குண்டு எங்கேயும் நிக்கலப்பா! அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே வழுக்கல்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முன்பு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிய ஆறு ஓட்டையும் இப்போது காப்பிக் கோப்பைக்குள் அடங்குகிறது!

ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இன்று காலையே உனக்குப் பார்சல் அனுப்பிவிட்டேன். இடுப்பு பத்தாவிட்டால் நாடா சேர்த்துத் தைத்துக்கொள். உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், தோல்வியைத் தாங்கும் மனசும் தரட்டும்.

இப்படிக்கு,
இந்த வருஷத்து வெற்றியாளன்,
ஆர்லோ

பி.கு.: போட்டிக்காகச் சுத்தம் செய்ய இப்போதுதான் கைப்பிடி மரத்தைக் கழற்றினேன். உள்ளே உன் பெயரின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. போன வருஷப் போட்டி முடிந்து உன் வீட்டு மேசையில் இரண்டையும் துடைத்தோமே, அன்றைக்கே துப்பாக்கிகள் கை மாறியிருக்கின்றன. அப்படியானால் நான் தேய்த்துச் சரிசெய்தது உன் துப்பாக்கியை, மூன்று வருஷமும் நீ என்னைத் தோற்கடித்தது இந்த இறுக்கமான குழாயை வைத்துத்தான். இதை எழுதாமல் உறையை ஒட்டிவிடப் பார்த்தேன், உன் அக்கா பின்னால் நிற்கிறாள், ஒரு மாதம் கழித்து முதல்முறையாகச் சிரிக்கிறாள். சனிக்கிழமை உன் ரிவால்வரைக் கொண்டுவருகிறேன். நீ என்னுடையதைக் கொண்டுவா. ஏப்ரனையும் மறக்காமல் எடுத்து வா, ஞாயிறு காலை எனக்கு வேண்டும்.