உப்புப் பார்க்காத கறி

"மாடு என்னத்தத் தின்னுது மகள்?" என்று ஆதம்பாவா கேட்டார்.

"புல்லு, மாமா."

"புல்லு தாவரம்தானே. அப்ப நான் எழுதினதில என்ன பிழை?"

ஸாதியா அவரது கொப்பியை மறுபடி பார்த்தாள். 'வெள்ளி, பகல்: சோறு, பருப்பு, புல்லுத் தின்ற மாடு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் தெரிவு செய்த தலைப்பு தாவர உணவு. முழு ஆய்வுக்கு முன் ஒரு சின்ன முன்னோட்டம் வேண்டும். ஏறாவூரில் அவளது ஒழுங்கையைச் சேர்ந்த ஐந்து பேர் ஏழு நாள் மரக்கறி மட்டும் சாப்பிட்டு, சாப்பிட்டதை எழுதித் தர வேண்டும்.

"ஏறாவூரில மரக்கறி ஆய்வா?" என்று கனகசிங்கம் சேர் வகுப்புக்கு முன்னால் கேட்டிருந்தார்.

"எங்கட ஒழுங்கையில என்ட சொல்லத் தட்ட மாட்டாங்க சேர்" என்று அவளும் வகுப்புக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"அப்ப மாதம் முடியிறதுக்குள்ள அஞ்சு கொப்பியும் வரட்டும். இல்லையெண்டா தலைப்ப விட்டுட்டு நிலோஜன்ட குழுவில சேருங்க."

நிலோஜனின் குழு இறைச்சிக் கோழிகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தது. மரக்கறி ஆய்வாளர் அங்கே போய் நின்றால் கோழிகளும் சிரிக்கும்.

ஆதம்பாவா வீட்டிலிருந்து றிஸ்னா வீட்டுக்குப் போனாள். அங்கே சம்பலில் மாசி கிடந்தது.

"மாசி மீனா ராத்தா? அது தூள்தானே!" என்றாள் றிஸ்னா, உண்மையான வியப்போடு.

நாள் இன்னும் இருந்தது. ஸாதியா ஐந்து பேருக்கும் புதுக் கொப்பி கொடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை விதியை இறுக்கினாள்.

"நாக்கில படுற எல்லாத்தையும் எழுதணும். கறிக்கு உப்புப் பார்த்தாலும் எழுதணும்."

நாலு பேர் பெருமூச்சு விட்டார்கள். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஸாலிஹா மாமி மட்டும் கவனமாகக் கேட்டாள்.

"உப்புப் பார்த்தாலுமா மகள்?"

"ஓம் மாமி. உப்புப் பார்த்தாலும்தான்."

விதியைப் போட்டால் மட்டும் போதாதென்று, வீடு வீடாகப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். இரண்டாம் நாளே அவள் தலை தெரிந்ததும் ஒழுங்கையில் கதவுகள் சாத்தப்பட்டன.

அலைந்து களைத்துப் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், உம்மா விடிந்ததிலிருந்து குந்தியிருக்கும் தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல், "சோறு மூடி இரிக்கி, சாப்பிடு" என்பாள். கூடவே இறைச்சிக் கறியும் இருக்கும். விதி மற்றவர்களுக்குத்தானே என்று ஸாதியா நிம்மதியாகச் சாப்பிடுவாள். ஒரு குறைதான்.

"உம்மா, நேத்து உப்புக் கூட. இண்டைக்கு உப்பே இல்ல."

"இரிக்கிறதத் தின்னு புள்ள. சோத்துக்குக் குறை சொல்லப்படா."

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, இறைச்சிக் கடை முனாப்பிடம் கொடுத்தாள்.

"காக்கா, இவங்களுக்கு ஒரு கிழமை இறைச்சி குடுக்காதீங்க."

முனாப் அதைத் தராசுக்கு மேலே, எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டிவிட்டார். அஸர் தொழுகைக்குள் ஐந்து பேருக்கும் சிறுநீரகம் பழுது என்று ஊர் முடிவு செய்தது. ஆதம்பாவாவைப் பார்க்க பிஸ்கட் பெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கண்ணீரோடு துஆ செய்துவிட்டு, கோழி சூப்பும் வைத்துவிட்டுப் போனார். ஆதம்பாவா மறுக்கவில்லை. 'சூப், வருத்தத்துக்கு' என்று நேர்மையாக எழுதி வைத்தார்.

ஸாதியாவுக்கு ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஆறாம் நாள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தாளைக் கிழிக்கப் போனாள்.

"கிழிங்க" என்றார் முனாப். "நாலு பேரும் இப்ப சந்திக் கடையிலதான் வாங்குறாங்க. ஸாலிஹா ராத்தா மட்டும் இஞ்ச, ஒவ்வொரு நாளும் கால் கிலோ."

"குடுக்காதீங்க எண்டேனே காக்கா!"

"அவக்குக் குடுக்கத்தான் வேணும். ஏனெண்டு கேக்காதீங்க. நம்பிச் சொன்ன அமானிதம், சொல்ல மாட்டன்."

ஸாதியா நேரே ஸாலிஹா மாமியின் குசினிக்குள் போய் நின்றாள். பின்னாலேயே றிஸ்னாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். கொப்பியில் ஆறு நாளும் சோறு, பருப்பு, பொன்னாங்காணி. அடுப்பில் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன மாமி?"

"நான் தின்னல்ல மகள்."

"அப்ப ஆரு? பூனையா?"

றிஸ்னா சிரித்தாள். ஸாலிஹா மாமி அகப்பையைப் பார்த்தபடி நின்றாள். ஸாதியா சிவப்புப் பேனையால் ஆறு பக்கங்களையும் குறுக்கே வெட்டினாள்.

"வெட்டினா மகள்ட படிப்புக்கு ஏதும் கெடுதி வருமோ?" என்று மட்டும் ஸாலிஹா மாமி கேட்டாள்.

அன்று பகல் அந்த முகத்தை நினைத்து ஸாதியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது இரண்டாவது தடவை கறி போட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை சேருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"அழாதீங்க ஸாதியா. அஞ்சு பொய்க் கொப்பி எனக்கு என்னத்துக்கு? உண்மையா எழுதின ஒண்டு கொண்டு வாங்க, தலைப்பத் தாறன். ஒண்டாவது இரிக்கா?"

"ஒண்டும் இல்ல சேர்."

தொலைபேசியை வைத்தபோது தலைப்பை விட மாமியின் முகமே பெரிதாகத் தெரிந்தது. பொய் எழுதியிருந்தாலும் மூத்தவளை றிஸ்னாவுக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம் என்று படலையைத் திறந்தாள். அங்கே முனாப் ஒரு பையோடு நின்றார். உள்ளே தையல் மெஷினின் சத்தம் நின்றது.

"என்ன காக்கா இது?"

"கால் கிலோ இறைச்சி. இனி உங்கட உம்மாவே ஆக்கட்டுமாம். உப்புப் பார்த்தாலும் எழுதணும் எண்டு நீங்க சொன்னதால, ஸாலிஹா ராத்தா ஆறு நாளும் நாக்கில ஒரு துளி வைக்காமத்தான் உங்களுக்கு ஆக்கி அனுப்பினாவாம். 'ஓடித் திரியிற புள்ளைக்கு உப்புச் சரியா இருந்திச்சா' எண்டு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னா."